"நாங்க யாரையும் பிரிச்சுப் பார்க்கிறதில்லை": நீலகிரியில் தப்பெண்ணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்து மகளிர் குழுக்களிலும் பள்ளிகளிலும் எஸ்டேட்டுகளிலும் நாம் ஒருவரை ஒருவர் எப்படி எடைபோடுகிறோம் என்பது பற்றிப் பேசி வருகிறேன். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், சமூக உளவியல் ஆய்வுகளை வைத்து நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். அந்த விஷயங்களை ஒரு வரியில் சொன்னால் தப்பாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

தப்பெண்ணம் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஒருவரைப் பிடிக்கவில்லை என்றாலே அது தப்பெண்ணமா?

இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் உங்கள் வேலியை நகர்த்தி நட்டுவிட்டார், அதனால் அவர் மேல் கோபம் என்றால் அது அவரோடு உள்ள தகராறு. "அந்த ஆளுங்களே அப்படித்தான்" என்று அவருடைய சாதியையோ மொழியையோ வந்த ஊரையோ இழுக்கும்போதுதான் அது தப்பெண்ணமாகிறது. நாளைக்கு அதே ஊரிலிருந்து வேறொருவர் வாடகைக்கு வீடு கேட்டு வருவார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் மேல் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும்.

இதில் நினைப்பு ஒன்று, உள்ளே எழும் வெறுப்போ பயமோ ஒன்று, கையால் செய்யும் காரியம் ஒன்று. மூன்றும் எப்போதும் சேர்ந்தே வரும் என்று நினைத்துக்கொள்கிறோம். வருவதில்லை.

அனுபவத்தில் பட்டதைத்தானே சொல்கிறோம்? நெருப்பில்லாமல் புகையுமா?

புகையும். கூடலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் இலை எடை போடும் இடத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். மாலை நேரம், தூறல். வரிசையில் உள்ளூர்ப் பெண்கள் நிறையப் பேர், ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்கள் கொஞ்சம் பேர். கணக்கர் மூட்டையைக் கொட்டி, கையால் அளைந்து பார்த்து, முற்றல் இலைக்கும் ஈரத்துக்கும் கழிவு போடுகிறார். உள்ளூர்ப் பெண் ஒருவருக்கு 2 கிலோ கழித்தபோது பின்னால் நின்றவர்கள், "பாவம், மழை. இலை எல்லாம் ஈரம்" என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஜார்க்கண்ட் பெண் ஒருவரின் மூட்டையிலும் அதே 2 கிலோ போனது. "இவங்க எப்பவும் இப்படித்தான். பார்த்துப் பறிக்க மாட்டாங்க, உருவிப் போட்டுருவாங்க" என்றார்கள். மழை இரண்டு பேர் மேலும்தான் பெய்தது.

நம்மவர் தவறினால் சூழ்நிலையைச் சொல்வதும், வேற்றாள் தவறினால் பிறவிக் குணத்தைச் சொல்வதும் உலகமெங்கும் உள்ள பழக்கம். தாமஸ் பெட்டிக்ரூ 1979இல் இதை விரிவாக எழுதினார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, 1976இல் டேவிட் ஹாமில்டனும் ராபர்ட் கிஃபோர்டும் செய்த சோதனை. ‘அ’ குழு, ‘ஆ’ குழு என்று வெறும் எழுத்துகளைப் பெயராக வைத்து, அந்தக் குழுக்களில் உள்ளவர்கள் செய்ததாக 39 சின்னச் சின்னச் செயல்களைப் படிக்கக் கொடுத்தார்கள். ‘அ’ குழுவைப் பற்றி 26, ‘ஆ’ குழுவைப் பற்றி 13. நல்லதும் கெட்டதும் இரண்டு குழுவிலும் ஒரே விகிதம்தான். படித்தவர்களிடம் பிறகு கேட்டபோது, சின்னக் குழுதான் கெட்ட காரியங்களை அதிகம் செய்தது என்று சொன்னார்கள். எண்ணிக்கையில் குறைந்தவர்கள் எங்கேயும் கண்ணில் படுவார்கள். கெட்ட காரியமும் அபூர்வமாக நடப்பதால் கண்ணில் படும். இரண்டும் சேர்ந்து வந்தால் மனதில் ஆழமாகப் பதிந்துவிடுகிறது. அந்தப் பெண்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் நினைவில் நிற்பது உண்மையிலேயே அப்படித்தான் நிற்கிறது. அதனால்தான் "என் கண்ணால பார்த்தேன்" என்பதை மட்டும் வைத்து ஒரு கூட்டத்தைப் பற்றி முடிவு கட்டக் கூடாது என்கிறேன்.

பழைய பகை எதுவும் இல்லாத இடத்திலும் இது வருமா?

வரும். 1970இல் ஹென்றி தாஜ்ஃபெல், பிரிட்டனின் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளி மாணவர்களுக்குத் திரையில் புள்ளிகளைக் காட்டி, எத்தனை என்று ஊகிக்கச் சொன்னார். பிறகு "நீ அதிகமாக ஊகிக்கிறவர்கள் பக்கம்", "நீ குறைவாக ஊகிக்கிறவர்கள் பக்கம்" என்று பிரித்தார். பிரித்தது குலுக்கல் முறையில்தான், ஊகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. யார் யார் தன் பக்கம் என்றுகூடப் பையன்களுக்குத் தெரியாது. அப்புறம் மற்றவர்களுக்குப் பணம் பங்கிடச் சொன்னார். பெரும்பாலான பையன்கள் தங்கள் பக்கத்துக்கு அதிகம் கொடுத்தார்கள். தங்கள் பக்கத்துக்குக் கிடைக்கும் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்ப்பக்கத்தைவிட வித்தியாசம் பெரிதாக இருக்க வேண்டும் என்ற போக்கும் இருந்தது.

இதைக் கேட்டுவிட்டுச் சிலர், "அப்போ இது மனுஷ இயல்பு, மாத்த முடியாது" என்பார்கள். சோதனை அப்படிச் சொல்லவில்லை. எந்தக் கோடு கிழிக்கிறோமோ அந்தக் கோட்டின்படி மனம் பிரிகிறது என்கிறது. கோடு கிழிப்பது நாம்தான்.

நம் மலையின் வரலாற்றில் இப்படி நடந்ததற்குச் சான்று உண்டா?

உண்டு, உயிர்களும் போயிருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டு நீலகிரியில் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தாலும், மாடு செத்தாலும், பிள்ளை பிழைக்காமல் போனாலும் பழி குறும்பர் என்ற பழங்குடியினர் மேல் விழுந்தது. சூனியம் வைத்துவிட்டார்கள் என்றார்கள். 1835இல் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டதாக ஆங்கிலேயர் காலப் பதிவுகள் சொல்கின்றன. 1875, 1882 ஆண்டுகளிலும் கொலைகள் நடந்தன.

இதில் என்னை வெகு நேரம் யோசிக்க வைப்பது இன்னொரு பாதி. அதே குறும்பர்களைத்தான் விதைப்புக்கு முன் கூப்பிட்டுச் சடங்கு செய்யச் சொன்னார்கள். பயிரையும் ஊரையும் தீயதிலிருந்து காக்க அவர்களுக்குத் தானியம் அளந்தார்கள். தேனும் காட்டுப் பொருள்களும் அவர்களிடமிருந்து வந்தன. அவர்கள் இல்லாமல் காரியம் நடக்காது, அவர்களைக் கண்டால் பயமும் போகாது. தப்பெண்ணம் என்றால் ஒதுக்கி வைப்பது மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அன்றாடம் கொடுத்து வாங்கிக்கொண்டே ஒருவரை மனிதக் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியும்.

ஏன் அவர்கள் மேல்? கையை மீறிய துன்பம் வந்தால் மனம் ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்ளத் துடிக்கும். "கிருமி" என்ற பதில் அன்றைக்குக் கையில் இல்லை. ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் எண்ணிக்கையில் குறைந்தவராக, சரிவுகளில் ஒதுங்கி வாழ்பவராக, திருப்பிக் கேட்க முடியாதவராக இருந்தது தற்செயல் இல்லை. இன்றைக்கு எந்த ஊரில் திருட்டு நடந்தாலும் முதல் சந்தேகம் யார் மேல் போகிறது என்று பாருங்கள். அங்கேயும் இதே கணக்குதான்.

நாங்கள் யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லையே. மலையில் எல்லாரும் ஒன்றாகத்தானே இருக்கிறோம்?

இதை அடிக்கடி கேட்கிறேன், மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் சொல்வதும் செய்வதும் தனித்தனி என்பதுதான் மனப்பான்மை பற்றிய ஆய்வின் முதல் பாடம். ரிச்சர்ட் லாபியர் என்ற சமூகவியலாளர் 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுவதும் காரில் சுற்றினார். சீனர்கள் மேல் அங்கே கடுமையான வெறுப்பு இருந்த காலம். தங்கும் விடுதி, உணவு விடுதி எல்லாம் சேர்த்து 251 இடங்களுக்குப் போனார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் வெளியே போகச் சொன்னார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, "சீனர்கள் வந்தால் ஏற்பீர்களா?" என்று கேட்டார். பதில் போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் "மாட்டோம்" என்றார்கள். 1934இல் இது வெளிவந்தது.

அங்கே பேச்சு கெட்டது, நடத்தை நல்லது. நம் ஊரில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. பேச்சில் எல்லாரும் ஒன்று. வாடகை வீடு கேட்டுப் போன் வந்தால், "நீங்க எந்த ஊரு, யாரு வீட்டுப் பையன்?" என்ற கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்து வீடு "நேத்துத்தான் போயிருச்சு" என்றாகிவிடும். சொன்னவருக்கும் அதில் உறுத்தல் இருக்காது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியத் தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயரும் முஸ்லிம் பெயரும் இருந்தால் அழைப்பு வரும் வாய்ப்பு குறைந்தது. அந்த மேலாளர்களிடம் நேரில் கேட்டிருந்தால், திறமையைத்தான் பார்க்கிறோம் என்றிருப்பார்கள்.

அதனால் உங்கள் ஊரில் தப்பெண்ணம் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் மனதைக் கேட்காதீர்கள். ஏற்பாடுகளைப் பாருங்கள். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போய்ச் சாப்பிடுகிறார்கள், எந்தக் குடியிருப்புக்குத் தண்ணீர்க் குழாய் கடைசியாக வந்தது, கிராம சபையில் யார் நின்றுகொண்டே இருக்கிறார்கள். விடை அதில் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு இது எப்படிப் போய்ச் சேருகிறது? பள்ளியில் யாரும் சொல்லித் தருவதில்லையே.

சொல்லித் தர வேண்டிய அவசியமே இல்லை. வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. உள்ளே வரும் ஆசிரியர், "எஸ்டி பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு" என்கிறார். நோக்கம் நல்லது, அந்தப் பணம் அந்தக் குடும்பங்களுக்குத் தேவை. எழுந்து நிற்கும் பனியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் மேசையைப் பார்க்கிறார்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்க்கிறார்கள்.

கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் சிறுவர்களுக்குப் புதிர்ப் பாதைகளைக் கொடுத்து விடுவிக்கச் சொன்னார்கள். சாதியை யாரும் வெளியே சொல்லாதபோது தலித் சிறுவர்களும் மற்றவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி செய்தார்கள். எல்லார் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் வாசித்த பிறகு தலித் சிறுவர்களின் திறன் சட்டென்று இறங்கியது. பையன்கள் அதே பையன்கள், புதிரும் மாறவில்லை. அறையில் சொல்லப்பட்ட ஒரு வார்த்தைதான் மாறியது. ஃபாரத்தை அலுவலக அறையில் வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுங்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்கிறேன். ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஆசிரியரின் கண்ணும் தப்புவதில்லை. 1983இல் ஜான் டார்லி, பேஜெட் கிராஸ் இருவரும் ஒரு சிறுமி தேர்வுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஒரே படத்தை இரண்டு குழுக்களுக்குக் காட்டினார்கள். வசதியான வீட்டுப் பிள்ளை என்று கேள்விப்பட்டவர்கள் அவளுக்குக் கூடுதல் திறமை இருப்பதாகக் கண்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை என்று கேள்விப்பட்டவர்களுக்கு அவள் தடுமாறியது கண்ணில் பட்டது. படம் காட்டாமல் பின்னணியை மட்டும் சொன்னபோது யாரும் அவ்வளவு வித்தியாசமாக மதிப்பிடவில்லை. ஆதாரம் என்று ஏதோ ஒன்றைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தைரியம் வந்தது. இந்தக் கடைசி விவரம்தான் எனக்குப் பயம் தருகிறது.

எல்லாரும் சேர்ந்து பழகினால் சரியாகிவிடாதா?

வெறுமனே சேர்ந்தால் ஆகாது. சில நேரம் மோசமாகவும் போகும். முசாஃபர் ஷெரீஃப் 1954இல் ஓக்லஹாமாவில் ஒரு கோடை முகாமில் 22 சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்தார். சில நாளில் கொடியை எரிப்பது, அறையைச் சூறையாடுவது என்று போய்விட்டது. பகையைக் குறைக்க ஒன்றாகச் சாப்பிட உட்கார வைத்தார், படம் பார்க்க வைத்தார். சாப்பாட்டை ஒருவர் மேல் ஒருவர் எறிந்ததுதான் மிச்சம். அப்புறம் முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோனபோது இரண்டு அணியும் சேர்ந்து பழுதைத் தேட வேண்டியிருந்தது. லாரி ஒன்று கிளம்பாதபோது எல்லாரும் சேர்ந்து கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தது. பகை அப்படித்தான் மெல்லத் தணிந்தது.

அதே 1954இல் கோர்டன் ஆல்போர்ட் இதற்கான நிபந்தனைகளை எழுதி வைத்தார். அந்த இடத்திலாவது இருவருக்கும் சம மதிப்பு இருக்க வேண்டும். ஒரே இலக்கு வேண்டும். அதை எட்ட ஒருவருக்கொருவர் உதவி தேவைப்பட வேண்டும். மேலே இருப்பவர்கள், அதாவது அதிகாரி, தலைவர், சட்டம், இதற்கு ஆதரவு என்று வெளிப்படையாகத் தெரிய வேண்டும். பிற்பாடு 2006இல் பெட்டிக்ரூவும் லிண்டா ட்ராப்பும் 515 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது பழக்கம் தப்பெண்ணத்தைக் குறைக்கிறது என்றே தெரிந்தது. இந்த நிபந்தனைகள் அமைந்த இடங்களில் கூடுதலாகக் குறைந்தது.

இந்தியச் சாட்சி ஒன்றும் இருக்கிறது. மாட் லோ என்ற பொருளியலாளர் உத்தரப் பிரதேசத்தில் பல சாதி இளைஞர்கள் சுமார் 800 பேரைக் கொண்டு கிரிக்கெட் போட்டிகள் நடத்தினார். ஒரே அணியில் கலந்து ஆடியவர்களுக்கு வேறு சாதி நண்பர்கள் கூடினார்கள். வேறு சாதிக்காரரை எதிரணியில் மட்டுமே சந்தித்தவர்களிடம் விளைவு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. பொங்கலுக்கு ஊர்களுக்கிடையே போட்டி வைக்கும் நண்பர்கள் இதை யோசிக்கலாம். ஹட்டி என்கிற படகர் ஊர் ஓர் அணி, காலனி ஓர் அணி, எஸ்டேட் லைன் வீட்டுப் பையன்கள் ஓர் அணி என்று பிரிப்பதுதான் வழக்கம். சீட்டு எழுதிக் குலுக்கி அணி பிரியுங்கள்.

எஸ்டேட்டில் நாளெல்லாம் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். ஆனால் ஒருவர் மேஸ்திரி, ஒருவர் கூலி. அது பழக்கம் ஆகாது.

தாயகம் திரும்பியவர்கள் வந்து ஐம்பது வருஷம் ஆகிவிட்டது. இன்னும் ஏன் "சிலோன்காரங்க"?

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேருக்கு இந்தியக் குடியுரிமை என்று இரண்டு அரசுகளும் பேசி முடித்தன. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976இல் அது கழகமானது. நாம் டேன்டீ என்று சொல்வது அதைத்தான். கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் அவர்கள் குடியேறினார்கள்.

ஆல்போர்ட்டின் நிபந்தனைகளை இங்கே வைத்துப் பாருங்கள். அவர்களுக்குத் தனிக் குடியிருப்பு, தனி வேலை, கூலி வேலை. ஊரோடு சேர்ந்து செய்ய வேண்டிய பொதுக் காரியம் எதுவும் ஏற்பாட்டிலேயே இல்லை. மொழி ஒன்று, சாமி ஒன்று, ஆனாலும் சுவர் நின்றது. சுவர் எங்கே விழுந்தது என்றும் பார்த்திருக்கிறேன். பச்சைத் தேயிலை விலைக்காகவும் கூலி உயர்வுக்காகவும் சேர்ந்து நின்ற இடங்களில், பிள்ளைகள் ஒன்றாகப் படித்த பள்ளிகளில், காதல் கல்யாணங்களில்.

மனதை உறுத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் "வந்தேறிங்க, நம்ம வேலையைப் பறிக்கிறாங்க" என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த சிலரின் வாயிலேயே இன்று வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி அதே வார்த்தைகள் வருகின்றன. பட்டவருக்குப் புரியும் என்று எதிர்பார்க்கிறோம். சிலருக்குப் புரிகிறது, அவர்கள்தான் முதலில் கைகொடுக்கிறார்கள். மற்றவர்களுக்கு, வரிசையில் தனக்குப் பின்னால் ஒருவர் நிற்பது ஆறுதலாக இருக்கிறது. அவர்களைத் திட்டுவதில் பயனில்லை. வேலை போய்விடும் என்ற பயம் பொய் இல்லை. அந்தப் பயத்தை வேலை கொடுப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வியாக மாற்ற முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப் வதந்தியை ஏன் நல்லவர்களும் பரப்புகிறார்கள்?

1934 ஜனவரியில் பீகாரைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. அதன் பின் பரவிய வதந்திகளைப் பாட்னாவின் உளவியலாளர் ஜமுனா பிரசாத் சேகரித்தார். அதிர்வை உணர்ந்தும் சேதம் எதுவும் நடக்காத ஊர்களில், இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்ற பேச்சு ஓடியது. 1950இல் டார்ஜிலிங்கில் நிலச்சரிவு நடந்து சேதத்தைக் கண்ணால் கண்டவர்களிடம் துர்கானந்த் சின்ஹா விசாரித்தபோது அப்படிப்பட்ட பேச்சு இல்லை. லியோன் ஃபெஸ்டிங்கர் இந்த இரண்டையும் சேர்த்துப் படித்து யோசித்தார். சேதம் இல்லாத ஊர்க்காரருக்குப் பயம் இருக்கிறது, பயப்படக் காரணம் எதிரில் இல்லை. அந்த முரணைத் தாங்க முடியாமல் பயத்துக்கு ஏற்ற சேதியைத் தேடுகிறார். 1957இல் அவர் எழுதிய முரண் உணர்வுக் கோட்பாட்டுக்கு இது ஒரு விதை. உளவியலின் புகழ்பெற்ற கோட்பாடு ஒன்று இந்திய மண்ணின் வதந்தியிலிருந்து முளைத்தது என்பது பலருக்குத் தெரியாது.

2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் "அந்த மலை பிளந்திருக்காம்" என்ற குரல் பதிவு சுற்றுவதை இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம். அந்த வதந்தியால் ஆள் சாவதில்லை. ஆனால் 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியால், திருவண்ணாமலை மாவட்டத்தில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்ற பொய் வீடியோக்களை நம்பிப் பலர் ஊருக்குக் கிளம்பினார்கள்.

திரும்பத் திரும்பக் கேட்டாலே ஒரு செய்தி உண்மை போலத் தோன்றும் என்பது 1977இலிருந்தே சோதனைகளில் தெரிந்த விஷயம். அதனால் பொய்யை மறுக்கும்போதும் அதையே தலைப்பாகப் போடாதீர்கள். உண்மையில் முதலில் தொடங்குங்கள். வில்லியம் மெக்குவயர் 1960களில் காட்டியது இன்னும் நல்ல வழி: பொய் வருவதற்கு முன்பே அதன் பலவீனமான வடிவத்தைக் காட்டி, எப்படி ஏமாற்றும் என்று சொல்லிவிட்டால், தடுப்பூசி போட்டது போல மனம் தயாராகிவிடும். மழைக்காலத்துக்கு முன்பே குழுவில் பேசிவைக்கலாம்.

என் மாமனார் ஒரு கூட்டத்தாரைப் பற்றி எப்போதும் மோசமாகப் பேசுகிறார். வாதாடி மாற்ற முடியுமா?

பந்தியில் பத்துப் பேர் முன் வாதாடினால் முடியாது. அவர் தன் மரியாதையைக் காக்கப் பார்ப்பார். உங்கள் ஒவ்வொரு நியாயத்துக்கும் பதில் தேடித் தேடித் தன் கட்சியை இன்னும் பலப்படுத்திக்கொள்வார்.

டேவிட் புரூக்மனும் ஜோஷுவா காலாவும் 2016இல் ஒரு கள ஆய்வை வெளியிட்டார்கள். மயாமியில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய், திருநர்களைப் பற்றிச் சுமார் பத்து நிமிடம் பேசினார்கள். பிரசங்கம் இல்லை. "வேற மாதிரி இருக்கிறதால உங்களை யாராவது தப்பா நினைச்சிருக்காங்களா?" என்ற மாதிரி கேட்டு, அவர்கள் சொல்வதைக் கேட்டார்கள். மூன்று மாதம் கழித்தும் தப்பெண்ணம் குறைந்தபடியே இருந்தது. உங்கள் மாமனாரும் என்றைக்காவது சமவெளிக்குப் போய் "மலைக்காரன்" என்று ஏளனமாகப் பார்க்கப்பட்டிருப்பார். மில் வேலைக்கோ, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கோ போன கதையைத் தனியாக இருக்கும்போது கேளுங்கள். அவரையே சொல்லவிட்டு, நடுவில் பாடம் எடுக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

கூட்டமாகப் பேசுவதென்றால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கர்ட் லெவின் செய்ததைப் பாருங்கள். அமெரிக்கக் குடும்பத் தலைவிகள் இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்பு இறைச்சியைச் சமைக்க வேண்டும் என்பது அரசின் தேவை. ஒரு பாதிக்கு நல்ல சொற்பொழிவு நடந்தது. இன்னொரு பாதி தங்களுக்குள் பேசி, கடைசியில் கைதூக்கி முடிவு சொன்னார்கள். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேரும், பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம் பேரும் புதிதாகச் சமைத்தார்கள். நம் விழிப்புணர்வு முகாம்களில் மைக் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

சட்டம் போட்டால் மனம் மாறுமா?

நான் சட்டத்தின் பக்கம். மனம் மாறட்டும், பிறகு நடத்தை மாறும் என்று காத்திருந்தால் தலைமுறைகள் போய்விடும். நடத்தை மாறினால் மனம் பின்னால் வரும் என்பதற்கு நீலகிரியே சாட்சி. 2000ஆம் ஆண்டு வாக்கில் சுப்ரியா சாஹு ஆட்சியராக இருந்தபோது இங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. வியாபாரம் படுத்துவிடும் என்றார்கள். இன்றைக்கு அதே கடைக்காரர், பை கேட்கும் சுற்றுலாப் பயணிக்குத் தானே பாடம் எடுக்கிறார். மாநிலம் முழுவதும் தடை வந்தது 2019இல்தான்.

ஆனால் தண்டனை மட்டும் இருந்தால் உள்ளே எதுவும் நகராது. ஃபெஸ்டிங்கரும் ஜேம்ஸ் கார்ல்ஸ்மித்தும் 1959இல் சலிப்பான வேலை ஒன்றைச் செய்ய வைத்து, அடுத்தவரிடம் "சுவாரசியமாக இருந்தது" என்று சொல்லப் பணம் கொடுத்தார்கள். 20 டாலர் வாங்கியவர்கள் காசுக்காகச் சொன்னோம் என்று விட்டுவிட்டார்கள். 1 டாலர் மட்டும் வாங்கியவர்கள், வேலை அவ்வளவு மோசமில்லை என்று தாங்களே நம்பத் தொடங்கினார்கள். சோதனைச் சாவடிக்குப் பயந்து பிளாஸ்டிக் பாட்டிலைச் சீட்டுக்கடியில் ஒளிப்பவர் 20 டாலர் வாங்கியவர் மாதிரி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வேண்டும், 1989இல் வந்த அது இல்லாவிட்டால் என்னென்ன வெளிப்படையாக நடக்கும் என்று தெரியும். அதோடு கூட, தானாக ஒத்துக்கொண்டு செய்தேன் என்று சொல்லிக்கொள்ள மக்களுக்கு இடமும் வேண்டும்.

கணினியில் மனதின் மறைவான தப்பெண்ணத்தை அளக்கும் சோதனை இருக்கிறதாமே?

இருக்கிறது. 1998இல் அந்தோணி கிரீன்வால்டும் நண்பர்களும் வெளியிட்டது. ஒரு தனிமனிதர் நாளைக்கு எப்படி நடந்துகொள்வார் என்பதை அது நம்பகமாகச் சொல்வதில்லை. ஒருவரை வேலைக்கு எடுக்கவோ நீக்கவோ அதைப் பயன்படுத்தாதீர்கள்.

சுற்றுலா வருகிறவர்களும் நம்மைப் பற்றித் தப்பாகத்தானே நினைக்கிறார்கள்?

ஆமாம். தோடர்களின் குடியிருப்பான மந்துக்குள் கேட்காமல் நுழைந்து போட்டோ எடுப்பது அப்படிப்பட்ட நினைப்பில்தான். நாமும் சமவெளிக்காரர் என்றாலே குப்பை போடுகிறவர் என்கிறோம். 2024 மே 7இலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது வண்டிகளின் எண்ணிக்கைக்காக. அது ஆட்களைத் தரம் பிரிக்கும் ஏற்பாடு இல்லை என்பதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிவைக்கலாம்.

எங்கள் மகளிர் குழுவில் இதை எப்படித் தொடங்குவது?

"தப்பெண்ணம்" என்று தலைப்பு வைத்துக் கூட்டம் போடாதீர்கள். எல்லாரும் உஷாராகிவிடுவார்கள். சேர்ந்து செய்தே ஆக வேண்டிய ஒரு வேலையை எடுங்கள்: குழாய்த் தண்ணீர், பள்ளிக்குப் போகும் பாதை, யானை வரும் நேரத்தைத் தெரிவிக்கும் போன் சங்கிலி. எல்லாக் குடியிருப்பிலிருந்தும் ஆள் வரட்டும், ஆனால் ஒரு குடியிருப்பிலிருந்து ஒரே ஆள் வேண்டாம். தனியாக வருபவர் தன் கூட்டத்தின் பிரதிநிதியாகவே உட்கார்ந்திருப்பார், வாய் திறக்க மாட்டார். இரண்டு மூன்று பேராவது வேண்டும்.

கணக்கு எழுதுவதும் கூட்டத்தை நடத்துவதும் மாதாமாதம் கை மாறட்டும். எழுதத் தெரியாதவர் முறை வந்தால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதட்டும், சொல்வது அவராக இருக்கட்டும். டீ போடுவதையும் முறை வையுங்கள். பனியர் பெண்ணின் முறை வரும் அன்றைக்குச் சிலர், "எனக்கு இன்னைக்கு வேண்டாம், வயிறு சரியில்லை" என்பார்கள். அதைப் பெரிதாக்கி யாரையும் குற்றம் சொல்லாதீர்கள், முறையையும் மாற்றாதீர்கள். தலைவியும் செயலாளரும் முதல் டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு அன்றைய கணக்கைப் படிக்க ஆரம்பித்துவிட வேண்டும்.